தூங்குற எக்ஸ்... எழுப்புற முட்டை!

நன்னிலம் கடைத்தெருவிலோ, திருவாரூரில் மீன் விற்கிற அம்மா பக்கத்திலோ கறுப்பு, ஆரஞ்சு, வெள்ளை என மூன்று கலரும் திட்டுத் திட்டாக அப்பிய பூனை ஒன்றை நீங்கள் நிச்சயம் பார்த்திருப்பீர்கள். அடுத்த முறை கண்ணில் பட்டால் பக்கத்தில் இருக்கும் ஃப்ரெண்டிடம் ஐம்பது ரூபாய் பந்தயம் கட்டுங்கள். ‘‘மச்சி, அது பெட்டைப் பூனைடா!’’ தூக்கிப் பார்த்துப் பிறாண்டல் வாங்கத் தேவையில்லை. ஆயிரம் பூனைக்கு ஒரு தடவைகூட நீங்கள் தோற்பது கஷ்டம்.

எப்படி? ஆரஞ்சா, கறுப்பா என்று முடிவு செய்யும் ஜீன் பூனையின் எக்ஸ் குரோமோசோமில் உட்கார்ந்திருக்கிறது. (ஜப்பானின் கியூஷு பல்கலைக்கழகமும் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டும் தனித்தனியாகத் தேடி 2025-ல் அதைப் பிடித்துவிட்டன. சுமார் 5,000 எழுத்து நீளத் துண்டு ஒன்று டி.என்.ஏ.விலிருந்து காணாமல் போனதால் வந்த நிறம் அது. வெள்ளைத் திட்டு வேறு குரோமோசோம் செய்யும் வேலை.) கடுவன் பூனைக்கு ஒரே ஒரு எக்ஸ். அதனால் ஒன்று ஆரஞ்சு, இல்லை கறுப்பு. பெட்டைக்கு இரண்டு எக்ஸ். ஒன்றில் ஆரஞ்சு, இன்னொன்றில் கறுப்பு இருந்தால்? கருவாக இருக்கும்போதே ஒவ்வொரு செல்லும் ஏதாவது ஒரு எக்ஸைத் தூங்க வைத்துவிடுகிறது. கறுப்பு தூங்கிய இடம் ஆரஞ்சு, ஆரஞ்சு தூங்கிய இடம் கறுப்பு. அவ்வளவுதான் மேட்டர்!

இதைப் படிக்கும் பெண்களே, உங்கள் உடம்பும் இப்படித்தான். கலர் தெரியவில்லையே தவிர, நீங்களும் திட்டுத் திட்டுதான். வலது கையில் ஒரு இடத்தில் அம்மா கொடுத்த எக்ஸ் வேலை பார்க்கிறது, பக்கத்து இடத்தில் அப்பா கொடுத்தது. எக்ஸில் 800-க்கும் மேற்பட்ட ஜீன்கள் இருக்கின்றன. ஆணுக்கு அது ஒரு செட் போதும் என்றால் பெண்ணுக்கு மட்டும் டபுள் டோஸ் எதற்கு? இரண்டு வாய்க்காலிலும் தண்ணீர் வந்தால் வயல் மூழ்கும் இல்லையா, அதனால் ஒரு வாய்க்காலின் ஷட்டரை இறக்கிப் பூட்டுப் போட்டாயிற்று.

1949-ல் கனடாவின் லண்டன் நகரில் (ஆமாம், கனடாவிலும் ஒரு லண்டன் இருக்கிறது) மர்ரே பாரும் எவர்ட் பெர்ட்ரமும் பூனையின் நரம்பு செல்லை மைக்ராஸ்கோப்பில் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பெட்டைப் பூனை செல்லில் மட்டும் ஒரு கறுப்புப் பொட்டு. அதுதான் ‘பார் பாடி’. ஜூவாலஜி ஸ்டூடண்ட்டாக இருந்தால் கன்னத்தின் உட்புறத்தை லேசாகச் சுரண்டி, ஸ்லைடில் தேய்த்து, சாயம் போட்டு அதை நீங்களே தேடியிருப்பீர்கள். எல்லா செல்லிலும் தெரியாது, மாஸ்டர் திட்டிய பிறகுதான் தெரியும்! அந்தப் பொட்டு சுருண்டு படுத்திருக்கும் எக்ஸ்தான். ஏதோ ஒரு எக்ஸ் தூங்கிவிடுகிறது, எது என்பது ஒவ்வொரு செல்லின் அதிர்ஷ்டம் என்று 1961-ல் எலிகளின் ரோமத்தை வைத்துச் சொன்னவர் பிரிட்டனின் மேரி லயன். பூட்டுப் போடும் ஆள் யார் என்பது 1991-ல் தெரிந்தது. பெயர் எக்ஸிஸ்ட். புரதம் எதுவும் செய்யாத நீளமான ஆர்.என்.ஏ. தான் பிறந்த எக்ஸின் மேலேயே போர்வை மாதிரி படர்ந்து, மற்ற புரதங்களைக் கூப்பிட்டு ஜீன்களை அணைக்கிறது.

பூட்டினால் பூட்டினதுதான். செல் இரண்டாகப் பிரிந்தாலும் அதே எக்ஸ்தான் தூங்கும், எண்பது வயது வரைக்கும்.

ஒரே ஒரு இடத்தைத் தவிர.

விதைநெல்

நம்ம வீடுகளில் நெல்லை இரண்டாகப் பிரிப்பார்கள். சாப்பாட்டு நெல் பத்தாயத்தில் போகும், விதைநெல்லைத் தனியாக எடுத்து வைப்பார்கள். பஞ்சம் வந்தாலும் அதில் கை வைக்க மாட்டார்கள். உடம்பும் அப்படித்தான் செய்கிறது. கரு உருவாகி சில வாரங்களுக்குள் ஒரு சின்னக் கூட்டம் செல்களைத் தனியாக ஒதுக்கிவிடுகிறது. பின்னால் முட்டையாகவோ விந்தணுவாகவோ ஆகப் போவது அவைதான். மற்றதெல்லாம், அதாவது கை, கால், மூளை, இந்தப் பத்திரிகையைப் படிக்கும் கண், எல்லாம் சாப்பாட்டு நெல். உங்களோடு முடிந்துவிடும்.

எக்ஸ் விஷயத்தில் விதைநெல்லுக்குத் தனிச் சட்டம். அந்தச் சட்டத்தை முதலில் யோசித்தவர்களில் ஒருவர் பெங்களூர்க்காரர். ஆனால் கதை ஆரம்பிப்பது மனிதரிடம் இல்லை, மாவுப்பூச்சியிடம்.

மாவுப்பூச்சியை டெல்டாவில் யாருக்கும் அறிமுகப்படுத்த வேண்டாம். செம்பருத்தியில், பப்பாளியில் வெள்ளையாகப் பூத்துக் கிடக்குமே அதுதான். நெல்லில் இன்னொரு வகை, தண்ணீர் காய்ந்த வருஷத்தில் வட்டம் வட்டமாகப் பயிரைக் குட்டையாக்கும். ‘சூறை நோய்’ என்றே அதற்குப் பெயர். மருந்தடித்துக் கொல்கிற ஆட்கள் நாம். அமெரிக்காவில் பெர்க்லியில் ஸ்பென்சர் பிரவுன் என்பவர் ஆசையாக வளர்த்தார்! ஏன் என்றால் ஆரஞ்சு, எலுமிச்சையில் வரும் மாவுப்பூச்சியில் ஒரு விசித்திரம். ஆண் பூச்சிக்கும் அம்மா செட், அப்பா செட் இரண்டும் கிடைக்கின்றன. ஆனால் கருவிலேயே அப்பா கொடுத்த குரோமோசோம்கள் அத்தனையும், ஒன்று விடாமல், சுருண்டு தூங்கிவிடுகின்றன.

நிஜமாகத் தூங்குகிறதா? 1961-ல் பிரவுனும் நெல்சன்-ரீஸும் ஒரு பரீட்சை வைத்தார்கள். அப்பா பூச்சிகளுக்குக் கண்டபடி எக்ஸ்-ரே கதிர் அடித்து அவற்றின் குரோமோசோம்களைச் சின்னாபின்னமாக்கிவிட்டு ஜோடி சேர விட்டார்கள். பிறந்ததில் மகள்கள் செத்துப் போயின. மகன்கள்? ஜம்மென்று உயிரோடு! அப்பா செட் உடைந்தால் என்ன, உடையாவிட்டால் என்ன, மகன் அதைத் திறந்தே பார்ப்பதில்லை. அதோடு முடியவில்லை. அந்த மகன் விந்தணு தயாரிக்கும்போது அப்பாவின் செட்டைத் தூக்கி எறிந்துவிட்டு அம்மாவின் செட்டை மட்டுமே அனுப்பும். அப்பாவின் அப்பா பேரைப் பேரனுக்கு வைக்கிற நம்ம ஊர் வழக்கம் மாவுப்பூச்சியிடம் செல்லாது!

இங்கேதான் கேள்வி. ஒரு குரோமோசோமுக்குத் தான் அப்பாவிடமிருந்து வந்தோம் என்று எப்படித் தெரியும்? எழுத்து ஒன்றுதானே?

இந்திய அறிவியல் கழகத்தின் ஹெச். சரத் சந்திரா இதே பூச்சியில் கதிர்வீச்சு ஆராய்ச்சி செய்து 1963-லேயே கட்டுரை எழுதியவர். அவரும் பிரவுனும் சேர்ந்து 1975-ல் ‘நேச்சர்’ இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். டி.என்.ஏ. எழுத்தை மாற்றாமல் அதன் மேல் ஒரு முத்திரை குத்த முடியும். ‘முத்திரை’ என்ற அந்த எண்ணத்தைப் பாலூட்டிகளின் எக்ஸுக்கும் பொருத்திப் பார்க்கலாம் என்பது அதன் சாரம். (முத்திரை என்ற வார்த்தையை 1960-ல் ஒரு கொசு மாதிரியான பூச்சிக்காக முதலில் பயன்படுத்தியவர் ஹெலன் க்ரவுஸ் என்ற பெண் விஞ்ஞானி.) கங்காருவில் எப்போதுமே அப்பாவின் எக்ஸ்தான் தூங்குகிறது என்று 1971-லேயே தெரிந்திருந்தது. எலியின் நஞ்சுக்கொடியிலும் அப்பாவின் எக்ஸ்தான் தூங்குகிறது என்று அதே 1975-ல் ஜப்பானின் டக்காகியும் சசாகியும் கண்டார்கள். ஆக, முத்திரை குத்துகிற தபால் ஆபீஸ் அப்பா, அம்மாவின் விதைநெல் செல்களுக்குள்தான் இருக்க வேண்டும்.

முத்திரையைக் கையும் களவுமாகப் பிடிக்க 2017 ஆயிற்று. எலியின் முட்டை வளரும்போதே எக்ஸிஸ்ட் ஜீன் இருக்கும் இடத்தில் ஒரு ரசாயன முத்திரை விழுகிறது. ‘இந்த எக்ஸைத் தொடாதே’ என்று அர்த்தம். அதனால் கரு உண்டான முதல் நாட்களில் அம்மாவின் எக்ஸ் தப்பிக்கிறது. முத்திரையை ஆராய்ச்சியாளர்கள் அழித்தபோது அம்மாவின் எக்ஸிலும் எக்ஸிஸ்ட் எழுந்துகொண்டது. மனிதக் கருவில் இந்த அம்மா-அப்பா பாரபட்சம் கிடையாது. நமக்கு இன்னொரு விஷயம்தான் முக்கியம்.

அம்மாச்சி வயிற்றில் நீங்கள்

உங்களில் பாதி எப்போது உருவானது தெரியுமா? உங்கள் அம்மா, அம்மாச்சியின் வயிற்றில் ஐந்து மாதமாக இருந்தபோது! ஒரு பெண் குழந்தைக்கு வாழ்நாள் முழுவதற்குமான முட்டை செல்கள் கருவிலேயே தயாராகிவிடுகின்றன. ஐந்தாவது மாதத்தில் அறுபது, எழுபது லட்சம். பிறக்கும்போது பத்து, இருபது லட்சம். வயசுக்கு வரும்போது மூன்று, நான்கு லட்சம். கடைசியில் மாதம் ஒன்றாக வெளியே வருவது சுமார் நானூறு. மீதி எல்லாம் சத்தமில்லாமல் அழிந்து போகும்.

இந்த செல்களும் ஆரம்பத்தில் மற்ற செல்கள் மாதிரியே ஒரு எக்ஸைத் தூங்க வைத்தவைதான். விதைநெல்லாக ஒதுங்கியதும் அப்படியே தலைகீழ். எக்ஸிஸ்ட் போர்வை விலகுகிறது. பூட்டுப் போட்ட ரசாயன அடையாளங்கள் துடைக்கப்படுகின்றன. தூங்கின எக்ஸ் எழுந்து உட்கார்கிறது. ஆக, முட்டை செல்லில் இரண்டு எக்ஸும் விழித்திருக்கின்றன. பெண்ணின் உடம்பில் இரண்டு வாய்க்காலிலும் தண்ணீர் ஓடும் வயல் இது ஒன்றுதான். ஏன் எழுப்ப வேண்டும்? ஒரு காரணம் சுலபம். அம்மாவின் இரண்டு எக்ஸில் எது வேண்டுமானாலும் பிள்ளைக்குப் போகலாம். பூட்டியபடியே அனுப்பினால் மகனுக்கு இருக்கும் ஒரே எக்ஸும் தூங்குமூஞ்சியாகிவிடும். இன்னொரு காரணம், முட்டை செல் பிழைத்திருக்கவே இரண்டு எக்ஸின் டோஸும் தேவைப்படுகிறது.

ஆம்பளை பக்கம் வேற மாதிரி!

ஆணுக்கு இருப்பதே ஒரு எக்ஸ். அதை யாரும் தூங்க வைப்பதில்லை. ஆனால் வயசுக்கு வந்த பிறகு விந்தணு தயாராகும் இடத்தில் மட்டும், கொஞ்ச காலத்துக்கு அந்த எக்ஸும் ஒய்யும் சேர்த்து அணைக்கப்படுகின்றன. பெண்ணின் விதைநெல்லில் எழுப்புகிறார்கள், ஆணின் விதைநெல்லில் தூங்க வைக்கிறார்கள். என்ன லாஜிக்?

விந்தணு உருவாகும்போது குரோமோசோம்கள் ஜோடி ஜோடியாக ஒட்டிக்கொள்ள வேண்டும். 22 ஜோடிகள் தலை முதல் கால் வரை கச்சிதமாகச் சேர்ந்துவிடும். எக்ஸும் ஒய்யும் மட்டும் ஒட்டாத ஜோடி. ஓரத்தில் நுனி தொட்டுக்கொள்வதோடு சரி. ஜோடி சேராத துண்டைப் பார்த்தால் செல்லுக்குச் சந்தேகம். உடனே ஏ.டி.ஆர்., பி.ஆர்.சி.ஏ.1 என்று டி.என்.ஏ. பழுது பார்க்கும் கோஷ்டி ஓடி வருகிறது. (பி.ஆர்.சி.ஏ.1 என்ற பெயர் எங்கோ கேட்ட மாதிரி இருக்கா? 2013-ல் ஏஞ்சலினா ஜோலி தன் மார்பக ஆபரேஷன் பற்றி எழுதினாரே, அதே ஜீன்தான்.) ஹெச்2ஏஎக்ஸ் என்ற புரதத்தில் அடையாளம் வைத்து, எக்ஸையும் ஒய்யையும் ஒரு மூலையில் மூட்டையாகக் கட்டிவிடுகிறது. எக்ஸிஸ்ட் இல்லாத ஆண் எலியிலும் இது நடக்கிறது. பெண் உடம்பில் போட்ட பூட்டு ஒரு கம்பெனி, இது வேறு கம்பெனி!

இது சும்மா சம்பிரதாயம் இல்லை. லண்டனில் பால் பர்கோயின் குழுவில் இருந்த சாந்தா மகாதேவையா உள்ளிட்டோர் 2003-ல் வெளியிட்ட ஆய்வில், ஹெச்2ஏஎக்ஸ் இல்லாத ஆண் எலிகளுக்கு எக்ஸ்-ஒய் மூட்டையே உருவாகவில்லை. விந்தணு பாதியிலேயே அழிந்தது, எலி மலடு. ஒய்யில் உள்ள ஒரு ஜீன் அந்த நேரத்தில் தப்பித்தவறி விழித்திருந்தாலே செல் செத்துவிடுகிறது என்று 2010-ல் காட்டினார்கள்.

சரி, எக்ஸ் மொத்தமும் ஆஃப் ஆகிவிட்டால் அதில் உள்ள அத்தியாவசிய ஜீன்களுக்கு என்ன வழி? உதாரணத்துக்கு, சர்க்கரையிலிருந்து சக்தி எடுக்க உதவும் பி.ஜி.கே.1 ஜீன் எக்ஸில்தான் இருக்கிறது. கரண்ட் கட் ஆனால் நம்ம ஊர்க் கல்யாண மண்டபத்தில் என்ன செய்வார்கள்? ஜெனரேட்டர்! அதே ஐடியா. பி.ஜி.கே.1-இன் நகல் ஒன்று எப்போதோ ஆறாவது குரோமோசோமில் போய் ஒட்டிக்கொண்டது. பெயர் பி.ஜி.கே.2. மற்ற நேரத்தில் சும்மா கிடக்கும். விந்தணு தயாராகும்போது மட்டும் டுர்ர் என்று ஓடும். ரசித்து ரசித்துப் பார்க்க வேண்டிய ஏற்பாடு இது.

கருகாவூர் நெய்யும் கேரியோடைப்பும்

‘இதெல்லாம் எக்ஸாமுக்கு வருமா?’ என்று கேட்காதீர்கள். வீட்டுக்கே வரும்.

உடம்புக்கு ஒரு எக்ஸ் போதும், முட்டைக்கு இரண்டு வேண்டும். இந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு டர்னர் சிண்ட்ரோமைப் பாருங்கள். சுமார் 2,500 பெண் குழந்தைகளில் ஒருவருக்கு ஒரு எக்ஸ் முழுசாகவோ பகுதியாகவோ இல்லாமல் போகிறது. உடம்பு பெரும்பாலும் சமாளித்துவிடும், இன்னொரு எக்ஸ் எப்படியும் தூங்கத்தானே போகிறது! ஆனால் தூங்கும் எக்ஸிலும் நூற்றுக்குப் பதினைந்து ஜீன் தூங்காமல் டிமிக்கி கொடுக்கும். உயரத்துக்கான ஒரு ஜீன் அதில் சேர்த்தி. அதனால் இந்தப் பெண்கள் குள்ளமாக இருப்பார்கள். முட்டை செல்கள் இரண்டாவது எக்ஸ் இல்லாமல் சீக்கிரமே அழிந்துவிடும். பலர் தானாக வயசுக்கு வருவதில்லை. மஞ்சள் நீராட்டுக்குப் பத்திரிகை அடிக்கிற ஊரில் அது எப்படிப்பட்ட பேச்சைக் கொண்டுவரும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டாம். உங்கள் தங்கையோ தோழியோ 15 வயதாகியும் வயசுக்கு வரவில்லை என்றால் ஜோசியர், பரிகாரம் என்று வருஷத்தைக் கடத்தாதீர்கள். டாக்டரிடம் கூட்டிப் போங்கள். உயரத்துக்கான ஹார்மோன் ஊசி சின்ன வயதிலேயே ஆரம்பித்தால்தான் பலன். இதயத்தில் கோளாறு இருக்கலாம் என்பதால் எக்கோ எடுத்துப் பார்ப்பதும் அவசியம்.

அடுத்தது பையன்கள். சுமார் 600 ஆண் குழந்தைகளில் ஒருவர் கூடுதலாக ஒரு எக்ஸோடு பிறக்கிறார். எக்ஸ் எக்ஸ் ஒய். பெயர் க்ளைன்ஃபெல்டர் சிண்ட்ரோம். உடம்பு செல்கள் அந்தக் கூடுதல் எக்ஸைத் தூங்க வைத்துவிடுவதால் ஆள் கொஞ்சம் உயரமாக, சாதாரணமாகத்தான் இருப்பார். கிரிக்கெட் ஆடுவார், பைக் ஓட்டுவார். நிறையப் பேருக்குக் கடைசி வரை தெரியவே தெரியாது. சிக்கல் விதைநெல்லில். 2024-ல் சீன ஆய்வாளர்கள் ‘நேச்சர்’ இதழில் காட்டியது இதுதான்: இந்தக் கருக்களின் விதைநெல் செல்களில் கூடுதல் எக்ஸ் தூங்காமல் விழித்தே இருக்கிறது, அந்த டோஸ் தாங்காமல் செல்கள் ஆரம்பக் கட்டத்திலேயே தேங்கி நின்றுவிடுகின்றன. (முதலில் சொன்ன பந்தயத்தில் நீங்கள் தோற்கும் அபூர்வமான பூனை இருக்கிறதே, மூணு கலர் கடுவன், அதுவும் பெரும்பாலும் எக்ஸ் எக்ஸ் ஒய்தான். குட்டி போட வைக்காது.)

இந்தப் பையன் வளர்ந்து கல்யாணம் செய்துகொள்கிறார். இரண்டு வருஷம் ஆகிறது, குழந்தை இல்லை. அடுத்து என்ன நடக்கும்? ‘‘மருமவளுக்குத்தான் ஏதோ கொறை’’ என்று மாமியார் ஆரம்பிப்பார். அரசமரம் சுற்றுவது அந்தப் பெண். திருக்கருகாவூர் கர்ப்பரட்சாம்பிகை கோயிலில் மெழுகி, கோலம் போட்டு, நெய் வாங்கிச் சாப்பிடுவது அந்தப் பெண். ஸ்கேன், ஊசி, மாத்திரை எல்லாம் அந்தப் பெண்ணுக்கு. கோயிலுக்குப் போவதைத் தப்பென்று யார் சொன்னது? போகட்டும். ஆனால் அந்த அண்ணனை ஒரு செமன் அனாலிசிஸுக்கு அனுப்ப மட்டும் குடும்பமே யோசிக்கும். ஊசி கிடையாது, வலி கிடையாது, செலவும் குறைவு. முதல் வாரத்தில் செய்ய வேண்டிய டெஸ்ட் நாலாவது வருஷத்தில் நடக்கிறது. அதில் அணுவே இல்லை என்று வந்தால் அடுத்து கேரியோடைப். கொஞ்சம் ரத்தம் எடுத்து, செல்களை மூன்று நாள் வளர்த்து, குரோமோசோம்களை எண்ணுவார்கள். ரிப்போர்ட்டில் 46 என்று இருக்க வேண்டிய இடத்தில் 47 என்று இருக்கும்.

47 என்று பார்த்ததும் கதை முடிந்தது என்று அர்த்தமில்லை. விதையில் ஆங்காங்கே சில குழாய்கள் தப்பித்திருக்கும். மைக்ராஸ்கோப் வைத்துத் தேடி விந்தணு எடுக்கும் ‘மைக்ரோ டீஸி’ ஆபரேஷன் வந்த பிறகு, இவர்களில் பாதிக்குக் கொஞ்சம் குறைவானவர்களுக்கு அணு கிடைக்கிறது. அதை முட்டைக்குள் நேரடியாகச் செலுத்திப் பிறந்த பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு குரோமோசோம் 46-தான். டர்னர் பெண்களும் தானமாகப் பெற்ற முட்டையால் தாயாகியிருக்கிறார்கள். இதயம் தாங்குமா என்று டாக்டர் பார்த்துச் சொன்ன பிறகு.

லண்டனில் ஜேம்ஸ் டர்னரின் குழு (அதிலும் சாந்தா மகாதேவையா உண்டு) 2017-ல் இன்னொரு வழியை முயன்றது. எக்ஸ் எக்ஸ் ஒய் எலியின் காதிலிருந்து தோல் செல்லை எடுத்து, அதைக் குழந்தைப் பருவத்து ஸ்டெம் செல்லாக மாற்றினார்கள். அப்படி மாற்றும்போது சில செல்கள் அந்தக் கூடுதல் எக்ஸைத் தானாகவே உதிர்த்துவிட்டன! உதிர்த்த செல்லிலிருந்து விந்தணு வளர்த்தார்கள், அதிலிருந்து குட்டிகள் பிறந்தன, குட்டிகளுக்கும் குட்டிகள் பிறந்தன. மனிதருக்கு இதை இன்னும் செய்யவில்லை. அந்த செல்களைப் பொருத்திய எலிகள் சிலவற்றுக்குக் கட்டி வந்தது. அது வராமல் இருக்க, விந்தணுவை உடம்புக்கு வெளியே கடைசிக் கட்டம் வரை வளர்க்கும் வித்தை கைகூட வேண்டும்.